குட்டியானையில் ஏறாத குதிரை

என் வீட்டுக்காரருக்குக் கால் உடைந்த அன்று தெருவே அவரைச் சுற்றி ஓடியது. நான் மட்டும் குதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டிய புருஷன் கீழே கிடக்கும்போது ஒருத்தி குதிரையைப் பார்ப்பாளா என்று அப்புறம் பலர் கேட்டார்கள். எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு.

நாங்கள் இருப்பது பாகூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நான் ரவிக்கை தைப்பவள். முன்னறையில் தையல் மெஷின், பின்பக்கம் குதிரைக் கொட்டகை. அவர் முன்பு ஒரு பேண்டு செட்டில் டிரம் அடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அழைப்பில் டிரம்காரனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, குதிரையை எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அவருக்கு நெடுநாள் வருத்தம். ஒருநாள் டிரம்மை விட்டுவிட்டு, ஒரு வெள்ளைப் பெண் குதிரையோடு வந்து நின்றார். பெயர் எதுவும் வைக்கவில்லை. பொண்ணு என்று கூப்பிடுவோம். அதற்கே காதைத் திருப்புவாள்.

அவளுக்கு முதுகில் போடும் பட்டுத்துணி, நெற்றியில் கட்டும் ஜிகினாப் பட்டை எல்லாம் நான் தைத்ததுதான். புடவை பார்டரில் மிஞ்சியதை வீணாக்காமல் ஒட்டுப்போட்டு மூன்று செட் தைத்திருந்தேன். அதற்கு மேல் குதிரைக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கொள்ளு ஊறப்போடுவேன், தண்ணீர் வைப்பேன், லத்தி அள்ளுவேன். எங்கள் வீட்டில் இன்னொரு வேலை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

கல்யாண மண்டபங்கள் எல்லாம் தூரத்தில். வில்லியனூரில் ஒன்று, மூலக்குளத்தில் ஒன்று, ஒருமுறை பூரணாங்குப்பம்கூடப் போனோம். அவ்வளவு தூரம் தார் ரோட்டில் குதிரையை நடத்திக் கூட்டிப்போனால் மாப்பிள்ளை ஏறுவதற்குள் அது படுத்துவிடும். அதனால் நாலு வீடு தள்ளி இருந்தவருடைய சின்ன லோடு வண்டியில் ஏற்றிப் போவோம். அந்த வண்டியை ஊர் உலகமே குட்டியானை என்றுதான் சொல்கிறது. "யான மேல குதிர போவுது பாரு" என்று தெருவில் ஒரு கிண்டல் நிரந்தரமாக உண்டு. வண்டியின் பின்கதவைத் திறந்து, இரண்டு கனமான பலகைகளை இரும்புப் பட்டை வைத்து இணைத்த ஏறுபலகையைச் சாய்த்து வைத்தால், அவள் அதில் நடந்து மேலே போக வேண்டும். முதல் வருஷம் போனாள். எந்தத் தகராறும் இல்லை.

போன ஆவணியில்தான் ஆரம்பித்தது. பலகைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். இழுத்தார்கள், தள்ளினார்கள், அரை மணிநேரம் கழித்து ஏறினாள். அடுத்த முறை ஒரு மணிநேரம். ஐப்பசியில் ஒரு முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை காரிலேயே ஊர்வலம் போய்விட்டார், எங்கள் குதிரை பலகைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தது. அதற்கடுத்த முறைதான் விபத்து. பலகையில் பாதி ஏறியவள் சட்டென்று பின்வாங்கினாள். பலகை நழுவியது. பக்கத்தில் கயிற்றைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரர் அதற்கும் வண்டிக்கும் நடுவில் விழுந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு போய்விட்டது.

அப்போதுதான் நான் குதிரையைப் பார்த்தேன். ஜிகினாப் பட்டை ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு தொங்கியது. தெருவோரம் நின்று உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள். தப்பு செய்தது அவள், பயந்துபோய் நிற்பதும் அவள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஆஸ்பத்திரியில் காலில் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்த முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்.

"தை வரைக்கும் பாக்கறேன்மே. இப்டியே இருந்தா இவள வெச்சிக்க முடியாது."

சரிதானே என்றுதான் முதலில் எனக்கும் பட்டது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்தால் குழியும் பறிப்பாள் போல இருந்தது. ஆனால் அன்று சாயங்காலம் கொள்ளு வைக்கப் போனபோது, அவள் தொட்டியைப் பார்க்காமல் வீட்டுப் பின்வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வருவார் என்று பார்த்தாளா, வந்து அடிப்பாரோ என்று பார்த்தாளா, தெரியாது. இவளை விற்கக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். தைக்குள் இவள் ஒழுங்காக வண்டியில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

ஊரில் யோசனைக்கா பஞ்சம்? கண்ணைக் கட்டி ஏத்து என்றார் ஒருவர். கண்ணைக் கட்டினால் பலகை எங்கே என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன், அதற்குக் கோபித்துக்கொண்டார். பின்னால் நின்று கயிற்றால் நாலு போடு என்றார் இன்னொருவர். போட்டவருடைய கால்தான் கட்டிலில் கிடக்கிறது என்றேன். ஐயனாருக்கு ஒரு மண்குதிரை நேர்ந்துகொள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. இருக்கிற ஒரு குதிரையையே ஏற்ற முடியவில்லை, இன்னொன்றை வேறு தூக்கிக்கொண்டு போகவா என்றேன். மாட்டு டாக்டர் வந்து கண்ணைப் பார்த்தார், காலைப் பார்த்தார், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். "ஒண்ணும் கோளாறு இல்லம்மா, நல்லாதான் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். கோளாறு இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

கடைசியில் செல்போனில் தேடினேன். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி ஒரு குதிரையை அறை மாதிரி இருந்த வண்டியில் ஏற்றும் வீடியோ. அவள் பேசியது ஒரு வார்த்தை புரியவில்லை. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போது நன்றாகப் புரிந்தது. அவள் இழுக்கவே இல்லை. குதிரையின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. பக்கத்தில் நின்று வேறு எங்கோ வேடிக்கை பார்த்தாள். குதிரை பின்னால் போக நினைத்தால் போக விட்டாள். நாங்கள் இதுவரை செய்தது எல்லாம் இதற்கு நேர் எதிர். அவள் காலில் முட்டிவரை பூட்ஸ், தலையில் தொப்பி. எனக்கு நைட்டி, மேலே ஒரு துண்டு, ரப்பர் செருப்பு. இருந்தால் என்ன என்று இறங்கிவிட்டேன்.

குட்டியானைக்காரர் காலையில் ஏழரை மணிக்குத்தான் காய்கறி லோடுக்குக் கிளம்புவார். என் வீட்டுக்காரரை அண்ணன் என்பதால் நான் அவருக்கு அண்ணி. ஆறரையிலிருந்து ஒரு மணிநேரம் வண்டி உங்களுக்கு என்றார். எங்கள் வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தி, பின்கதவைத் திறந்து, பலகையைச் சாய்த்துக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

முதல் நாள் பலகையிலிருந்து பத்து முழம் தள்ளியே நின்றுவிட்டாள். நானும் நின்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தேன். ஒரு மணிநேரம் இரண்டு பேரும் தெருவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். வெல்லத்துண்டு ஒன்று கொடுத்தேன். கட்டிலில் இருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அவர், "இன்னாமே, பஸ்ஸுக்கு நிக்கறியா?" என்றார்.

நாலாம் நாள் பலகையை முகர்ந்தாள். ஆறாம் நாள் ஒரு முன்னங்காலை வைத்தாள். டொக்கென்று சத்தம் வரவும் எடுத்துவிட்டாள். அன்று சாயங்காலமே பழைய கோணிச்சாக்கை நாலாக மடித்துப் பலகை முழுக்கப் போட்டு ஆணி அடித்தேன். சத்தம் அடங்கியது. மறுநாள் இரண்டு காலையும் வைத்தாள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை மழை, ஐந்து நாள் விடவில்லை. சாக்கு ஊறி நாறியது. கற்றுக்கொண்டதெல்லாம் தண்ணீரோடு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே கூட்டிப்போனேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விறுவிறுவென்று மேலே ஏறி, வண்டிக்குள் நின்று, கம்பி வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரை எழுப்பிக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த நாள் வண்டிக்குப் பக்கத்திலேயே வர மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

என்ன செய்தேன், என்ன செய்யாமல் விட்டேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். ஏறிய அன்று மெரூன் நைட்டி, ஏறாத அன்று பச்சை நைட்டி. வேறு வித்தியாசமே எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஒரு வாரம் ராத்திரி துவைத்துக் காலையில் அந்த மெரூன் நைட்டியையே போட்டேன். ஒருநாள் ஏறினாள், ஒருநாள் ஏறவில்லை, இரண்டு நாள் பாதியில் நின்றாள். நைட்டிக்கும் குதிரைக்கும் சம்பந்தம் இல்லை என்று அறிவு சொன்னது. ஆனாலும் கை அதைத்தான் எடுத்தது. "அண்ணி, குதிர ஏறுதோ இல்லியோ, என் வண்டிக்கு லத்தி வாசன ஏறிடுச்சி. கத்திரிக்கா வாங்கறவங்க மூக்கப் பொத்திக்கினு வாங்கறாங்க" என்றார் குட்டியானைக்காரர்.

அந்த நாட்களில் ஒன்று நடந்தது. நான் அவளோடு பேச ஆரம்பித்தேன். ரவிக்கைக்குக் கை இறக்கம் சரியில்லை என்று சண்டை போட்டவளைப் பற்றி, நூல் விலை ஏறியதைப் பற்றி, இவருடைய காலைப் பற்றி. மெதுவான குரலில், கோபமே இல்லாமல். எனக்கு இவ்வளவு பொறுமை இருக்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி. ஜன்னலில் இருந்து அவர், "எங்கிட்ட என்னிக்காவது இப்டிப் பேசியிருக்கியாமே?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்கழி பாதியில் அவள் ஓரளவுக்குத் தினமும் ஏறினாள். கதவைச் சாத்தி, வண்டியை எடுத்து, ஒரு சுற்று போய் வரலாம் என்று முடிவு செய்தோம். முன்னங்கால் ஒன்று பலகையில் இருக்கிறது. உள்ளே இருந்து அவர் கத்தினார்.

"மொதல் சவாரிமே! கற்பூரம் சுத்திட்டு ஏத்து!"

அது எங்கள் வீட்டு வழக்கம். வெள்ளைக் குதிரை, அலங்காரம் வேறு, ஊர்க் கண் முழுக்க அதன் மேல்தான். அதனால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பலகைக்கு முன்னால் அவளை நிறுத்தி, தேங்காய் மேல் கற்பூரம் வைத்துக் கொளுத்தி, முகத்துக்கு நேரே மூன்று சுற்று சுற்றி, அவள் காலுக்குப் பின்னால் தரையில் ஓங்கி அடிப்பார். சிதறுகாய் போட்ட பிறகுதான் ஏற்றுவார். சரி என்று நானும் உள்ளே போய் எடுத்துவந்து, கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கற்பூரத்தைக் கொளுத்தினேன்.

அவள் காலைப் பலகையிலிருந்து எடுத்தாள். தோல் முழுக்கச் சிலிர்த்தது. தேங்காயை நான் இன்னும் உடைக்கவே இல்லை. அதற்குள் என்னை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடி, இரண்டு பேரும் வாய்க்காலில் நின்றோம்.

சேற்றைக் கழுவிக்கொண்டே அன்று முழுக்க யோசித்தேன். நெருப்பு, புகை, பின்னால் வெடி மாதிரி ஒரு சத்தம், உடனே பலகை. இதுதான் அவளுக்கு நாங்கள் திரும்பத் திரும்பக் காட்டியது. அவள் ஆவணியில் ஏற மறுத்தபோது நாங்கள் என்ன செய்தோம்? யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அடுத்த முறை கற்பூரக் கட்டியைப் பெரிதாக வைத்தோம். இன்னும் மறுத்தாள், பூசணிக்காய் உடைத்தோம். விபத்து நடந்த அன்று பூசணிக்காய், தேங்காய் இரண்டும். நோய்க்கு மருந்து என்று நாங்கள் கொடுத்ததுதான் நோயே. இதற்கு ஊரெல்லாம் யோசனை கேட்டு, டாக்டரைக் கூப்பிட்டுப் பல் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"கற்பூரத்துக்கு இன்னா பயம்? மாசி மகத்துல சாமிக்கு முன்னால எத்தன கற்பூரம் பாத்தா. காதுகூட ஆட்டலியே?"

அது உண்மை. மறுநாள் கொட்டகையில் கற்பூரம் ஏற்றிக் காட்டினேன். வைக்கோலை மென்றுகொண்டு நின்றாள். கற்பூரம் இல்லாமல் பலகைக்குக் கூட்டிப்போனேன். ஏறினாள். இரண்டும் சேர்ந்தால்தான் தகராறு போல. எனக்கும் அப்படி உண்டு. மாமியார் தனியாக நல்லவர், தீபாவளியும் தனியாக நல்ல நாள், இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்தால் எனக்கு மண்டையிடி வரும். இதை அவரிடம் உதாரணமாகச் சொன்னதும் ஒருவழியாக ஒத்துக்கொண்டார். "சரி, இனிமே கற்பூரம் வேணாம். திருநீறு பூசி ஏத்து" என்றார்.

அன்று அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே ஒரு வாக்குக் கொடுத்தேன். மனுஷியிடம் சொல்வது போல வாய்விட்டே சொன்னேன். "என் கையில கயிறு இருக்கற வரைக்கும் உனக்கு யாரும் நெருப்பு காட்ட மாட்டாங்கடி."

பொங்கலுக்கு முந்தின வாரம் நாலு நாள் தொடர்ந்து ஏறினாள். கயிறு என் கையில் தொளதொளவென்று தொங்கியது, இழுக்க வேண்டிய வேலையே இல்லை. குட்டியானைக்காரர் ஏரிக்கரை வரை ஓட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தார். இறங்கி நின்று உடம்பை உதறிவிட்டு என் கையில் வெல்லத்தைத் தேடினாள். தெருவில் நின்று அழுதேன். வாக்கரை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வந்து அவரும் பார்த்தார். உள்ளே போய் யாருக்கோ போன் போட்டார். தை முகூர்த்தத்துக்கு மண்டபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

சாயங்காலம் சொன்னார். "மண்ணாடிப்பட்டு பக்கம் ஒருத்தர் மூணு குதிர வெச்சிக்கீறார். நாளான்னிக்கு வந்து ஏத்திக்கினு போறாராம்."

"இன்னாங்க சொல்றீங்க? ஏறலன்னாதான விக்கறேன்னீங்க? இப்பதான் ஏறுதே?"

அவர் என்னைவிடக் குழம்பிப்போய்ப் பார்த்தார். "வெச்சிக்க முடியாதுன்னு அன்னிக்கே சொன்னேன்ல? ஏறாத குதிரய எவன்மே வாங்குவான்? விக்கறதுக்காகத்தான் நீ பழக்கறேன்னு நெனச்சேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. ஒன்றரை மாதம் ஒரே வீட்டில், ஒரே ஜன்னலுக்கு இரண்டு பக்கம் இருந்துகொண்டு, ஆளுக்கொன்று நினைத்திருக்கிறோம். ஒரு நாளாவது வாய்விட்டுக் கேட்டோமா? இல்லை. நான் நன்றாகப் பழக்கப் பழக்க அவள் என்னைவிட்டுப் போகும் நாளும் நெருங்கியிருக்கிறது.

ஆத்திரத்தோடு கத்தினேன். இதற்காகவா வாய்க்காலில் விழுந்தேன், இதற்காகவா விரலில் ஆணி குத்திக்கொண்டேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"கால் ஆறிடும்மே. பயம் ஆறல. கொட்டாயில அவ பெருமூச்சு வுட்டாகூட எனக்கு ஒடம்பு ஒதறுது. அவ பக்கத்துல எப்டி நடப்பேன்?"

பலகைக்குப் பயந்த குதிரைக்கு ஒன்றரை மாதம் பொறுமை காட்டினேன். குதிரைக்குப் பயந்த மனுஷனிடம் என்ன சொல்வேன்? அவர் சொல்வதும் நியாயமாகப் பட்டது. அவளை விடுவது அநியாயமாகவும் பட்டது. இரண்டும் எப்படி ஒரே மண்டைக்குள் இருக்கும் என்று தெரியாமல் இரண்டு நாள் ரவிக்கைகளைத் தப்புத் தப்பாக வெட்டினேன்.

சொன்ன நாளில் காலை பத்து மணிக்கு வந்தார்கள். வாங்க வந்தவர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். அவளுடைய குளம்பைத் தூக்கிப் பார்த்தார், கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். சொந்த வண்டி, சொந்தப் பலகை, கூட ஒரு டிரைவர். "ஏத்திக் காட்டுங்கக்கா, பாத்துடலாம்" என்றார்.

கயிற்றை நான்தான் பிடித்தேன். புது வண்டி, கோணிச்சாக்கு இல்லாத பலகை. அவள் பலகையை முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு முன்னங்காலையும் எடுத்து வைத்தாள். வெட்கம்கெட்ட மனசு, அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. என்னை நம்பி முன்பின் தெரியாத வண்டியில் ஏறுகிறாள்.

"இருங்க இருங்க. புதுசா வூட்டுக்கு வருது, சுத்திடலாம்" என்று அந்த டிரைவர் முன்பக்கம் போய் ஒரு தேங்காயும் கற்பூரமும் எடுத்துவந்தார்.

சொல்லியிருக்கலாம். "அண்ணே, இவளுக்கு அது ஆகாது" என்று நாலே வார்த்தை. காற்றாக இருந்தது, முதல் தீக்குச்சி அணைந்துவிட்டது. வாசலில் வாக்கரோடு நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியும். இரண்டாவது குச்சியும் அணைந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. மூன்றாவது குச்சி பற்றிக்கொண்டது.

அவள் முன்னங்கால்களை இறக்கினாள். நான் கயிற்றை விட்டிருக்க வேண்டும். ஏனோ இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் மூன்று சுற்று சுற்றித் தேங்காயை உடைத்தார். கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. பலகையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தெருமுனைக்கு ஓடி, அன்று நின்றது போலவே நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"ஏறும்னு சொன்னீங்களேண்ணே?" என்றார் வந்தவர்.

"ஏறும்பா. இன்னிக்கி இன்னாவோ தெரியல" என்றார் இவர்.

டிரைவர், யாரோ பலமாகக் கண் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, எங்கள் வீட்டிலேயே காய்ந்த மிளகாய் கேட்டு வாங்கி இன்னொருமுறை சுற்றினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மதியம் வரை முயற்சி செய்துவிட்டு வெறும் வண்டியோடு போனார்கள். இனி இவளை யாரும் கேட்டு வர மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

சாயங்காலம் அவர் என் உள்ளங்கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்.

"உனக்குத் தெரியும்ல?" என்றார்.

"உங்களுக்கும் தெரியும்."

"ஆமா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"தெரியலமே" என்றார். "இருந்துட்டுப் போவட்டும், வுடு" என்று சேர்த்துக்கொண்டார். அவ்வளவு பயந்த மனுஷனுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவருக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் காலை ஆறரைக்கு மெரூன் நைட்டியைப் போட்டுக்கொண்டு, வெல்லம் எடுத்துக்கொண்டு, அவளை அவிழ்த்தேன். வேப்பமரத்தடியில் எங்கள் பழைய குட்டியானை. எங்கள் கோணிச்சாக்குப் பலகை. கற்பூரம் இல்லை, தேங்காய் இல்லை, வேறு ஆளும் இல்லை. பலகைக்குப் பத்து முழம் இருக்கும்போதே நின்றுவிட்டாள். முதல் நாள் நின்ற அதே இடம்.

நானும் நின்றேன். தெருவைப் பார்த்தேன். எப்போதும் போலப் பேசலாம் என்று வாயைத் திறந்தால் ஒன்றுமே வரவில்லை. கடைசியில், "கொளுத்துனது நான் இல்லடி" என்றேன்.

அது உண்மைதான். வெல்லத்தை வைத்துக் கையை நீட்டினேன். அவள் குனிந்து, கயிறு அறுத்த என் உள்ளங்கையை நெடுநேரம் முகர்ந்து பார்த்தாள். பிறகு வெல்லத்தைத் தொடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.